முத்திரைகளுக்கு அடியில் இரண்டு வரி

மினாமி-இசோ நான்காம் வட்டம்,
நவம்பர் 18

பெருமதிப்பிற்குரிய மச்சான் முரோய் கென்சகு அவர்களின் திருமுன்,

தங்கள் தங்கை கணவன் ஹிரோனாகா தொகுஜி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. கூரையோரங்களில் முள்ளங்கி காயத் தொடங்கிவிட்ட இந்தக் குளிர்நாட்களில் தாங்களும் சுமகோ அக்காவும் தங்கள் இடது முழங்காலும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் மிசாவோவும் நலம். இங்கே என்றால் உங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி.

நான்கு வீடு தள்ளி இருப்பவன் எதற்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். இன்று காலைகூடக் குப்பை வைக்கும் இடத்தில் சந்தித்தோம். "என்ன மாப்பிள்ளை, முகம் ஒரு மாதிரி இருக்கு, பல்வலியா?" என்று கேட்டீர்கள். நானும் "ஆமாம்" என்றேன். என் மேல்வரிசை முழுவதும் கட்டிய பல் என்பது உங்களுக்கே தெரியும். கட்டிய பல் எப்படி வலிக்கும்? சொல்ல வேண்டியதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். விஷயம் முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் பிளந்துபோன நம் சங்கத்து உரலைப் பற்றியது. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள். முழங்காலுக்கும் நல்லது.

ஏப்ரல் கூட்டத்தில் ஆரம்பித்தது வினை. நம் குடியிருப்போர் சங்கத்துக்கு அறுபது வயது நிறைகிறது, டிசம்பர் மூன்றாம் தேதி விழா, அன்றைக்கு ஒரு மலர் வெளியிட வேண்டும், அலமாரியில் இருக்கும் பழைய கூட்டக் குறிப்புகளை எல்லாம் ஸ்கேன் செய்து, திருத்தக்கூடிய எழுத்தாக மாற்றித் தொகுக்க வேண்டும் என்று தலைவி நோனொமுரா டீச்சர் சொன்னார். சொல்லிவிட்டு எல்லோரையும் பார்த்தார். எல்லோரும் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள், நீங்கள் உட்பட. நான் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "முப்பத்தெட்டு வருஷம் கம்பெனியில ஆவணப் பிரிவுல இருந்தவன் நான்" என்றேன். அது பொய் இல்லை, மச்சான். ஆவணப் பிரிவில்தான் இருந்தேன். வருகிற தாளில் 'பெறப்பட்டது' என்று முத்திரை வைப்பதும், வைத்த தாளைக் கோப்பில் போடுவதும்தான் என் வேலை. என் மேஜையில் கம்ப்யூட்டர் இருந்ததும் உண்மை. அதன் மேல் ஒரு சின்னச் செடி வைத்திருந்தேன். அந்தச் செடி நன்றாக வளர்ந்தது.

மறுநாளே ஸ்கேனரும் நான்கு பெட்டித் தாளும் வீட்டுக்கு வந்து இறங்கின. அறுபது வருடத்துப் பொக்கிஷம், இயந்திரம் கடித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, முதலில் எல்லாவற்றையும் கடையில் கொடுத்துக் கலர் நகல் எடுத்தேன். பிறகு அந்த நகலை ஸ்கேன் செய்தேன். ஸ்கேன் சரியாக வந்திருக்கிறதா என்று திரையில் பார்த்தால் கண் கூசியது, ஆகவே அதை அச்செடுத்துப் பார்த்தேன். பார்த்ததற்கு அடையாளமாக ஒவ்வொன்றிலும் 'பார்க்கப்பட்டது' என்று முத்திரை வைத்தேன். முத்திரை வைத்த தாளைத் தூக்கிப்போட எனக்கு மனசு வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஜூன் மாதம் முடியும்போது நான்கு பெட்டி பதினோரு பெட்டியாக ஆகியிருந்தது. மிசாவோ கதவருகில் நின்று பார்த்தாள். "என்னங்க, காகிதத்தை ஒழிக்கிறதுக்குத்தானே இந்த மெஷினைக் குடுத்தாங்க? குட்டி போட்டுக்கிட்டே இருக்கு?" என்றாள். சாப்பிடும் இடமான கணப்பு மேஜையைப் பெட்டிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஜூலையிலிருந்து நாங்கள் சமையலறையில் நின்றுகொண்டு சாப்பிட்டோம்.

அடுத்தது, நாற்பது பக்கத்தை அடுக்கி வைத்துப் பொத்தானை அழுத்தினேன். நாற்பதும் வெள்ளையாக வந்தன. இயந்திரம் பழுது என்று உதவி எண்ணுக்குப் பேசி, இந்தக் காலத்துப் பொருட்களின் தரத்தைப் பற்றி அங்கே எடுத்த பெண்ணுக்கு இருபது நிமிடம் வகுப்பு எடுத்தேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க, எழுத்து இருக்கிற பக்கம் எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?" என்றாள். திருப்பிப் பார்த்தேன். நாற்பது தாளின் முதுகையும் அது குறையே இல்லாமல் படம் பிடித்திருந்தது. தொலைபேசியைக் காதில் வைத்தபடியே சுவருக்கு மூன்று முறை குனிந்து வணக்கம் சொன்னேன். எழுத்தாக மாற்றும் வேலையும் லேசுப்பட்டது இல்லை. பழைய குறிப்புகளைப் பக்கத்துக்கு மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தார்கள் அல்லவா, இயந்திரம் அந்த இரண்டையும் ஒட்டி ஒரே வரியாகப் படித்தது. நோனொமுரா டீச்சரின் நாயைத் தீயணைப்புக் குழாயில் பொருத்திச் சோதித்துப் பார்ப்பதென்று நம் சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்திருப்பதாக ஒரு பக்கம் வந்தது. நல்லவேளை, அதை டீச்சரிடம் அனுப்பும் முன் மிசாவோ பார்த்துவிட்டாள்.

இதெல்லாம் நான் சிரிக்கச் சொல்வது. இனிமேல் வருவது அப்படி இல்லை.

அக்டோபரில் ஹெய்செய் இரண்டாம் வருடத்துக் கட்டுக்கு, அதாவது 1990-க்கு, வந்தேன். உரல் பிளந்த வருடம். அந்தக் கட்டை எடுக்கும் முன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏன் என்று சொல்கிறேன். டிசம்பர் கூட்டக் குறிப்பு, நம் காஸமா தாத்தா எழுதியது. அவர் வாய் திறந்து பேசி யாரும் பார்த்ததில்லை. பேச வேண்டியதை எல்லாம் குறிப்பில் எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று இருந்த மனிதர். பக்கத்தின் அடியில் பதினோரு வீட்டு முத்திரைகளும் வரிசையாகச் சிவந்திருந்தன. உங்கள் முத்திரை கம்பம் மாதிரி நேராக நின்றது. என்னுடையது, அந்த நாள் தலைவரின் முத்திரையைப் பார்த்துக் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. எங்கள் கம்பெனிப் பழக்கம் அது, மேலதிகாரியின் முத்திரைக்குக் கீழ் நம் முத்திரை குனிந்து வணங்க வேண்டும். முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்பே நான் எவ்வளவு பணிவாக இருந்திருக்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன்.

அந்த இடத்தில் மட்டும் இயந்திரம் திணறியது. முத்திரைகளுக்கு அடியில் ஏதோ எழுத்து இருக்கிறது, படிக்க முடியவில்லை என்றது. இயந்திரத்தோடு வந்த கையேட்டைப் புரட்டினேன், 'சிவப்பு நிறத்தை நீக்கு' என்று ஒரு வசதி இருப்பதாகப் போட்டிருந்தது. அழுத்தினேன். மச்சான், பதினோரு முத்திரையும் ஒரே நொடியில் காணாமல் போயின. முப்பத்தெட்டு வருடம் முத்திரையால் சோறு தின்றவன் பார்க்கக்கூடிய காட்சியா அது? திரையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். சிவப்பு போன இடத்தில் காஸமா தாத்தாவின் கறுப்பு எழுத்து இரண்டு வரி நின்றது. இயந்திரம் ஒரு தப்பும் இல்லாமல் அதைப் படித்து வைத்தது. இப்படி இருந்தது:

'உரல் பிளந்ததற்குக் காரணம் இடித்தவர் அல்ல. முதல்நாள் மாலை அதில் தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டிய ஹிரோனாகா, அதைக் கழுவித் துடைத்து எண்ணெய் அடுப்பின் அருகில் வைத்துவிட்டுப் போயிருந்ததைக் காலையில் கதவைத் திறந்தபோது கண்டேன். உரல் சூடாக இருந்தது.'

உண்மை, மச்சான். நான்தான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம். பசை அரிசிச் சோற்றை மோச்சிப் பலகாரமாக இடிக்கும் மர உரலை முந்தின நாளே தண்ணீரில் ஊறப் போட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பட்டணத்துப் புத்தி, ஈரப் பாத்திரத்தில் சோறு இடித்தால் நசநசக்காதா என்று நினைத்து, நல்லது செய்கிறேன் என்று அடுப்புப் பக்கம் காய வைத்தேன். மறுநாள் மூன்றாவது ஈடு இடிக்கும்போது உங்கள் மரச் சம்மட்டி விழுந்த இடத்திலிருந்து அடிவரைக்கும் உரல் பிளந்தது. நம் ஊரில் உங்களைப் போலச் சம்மட்டி ஓங்குபவர் கிடையாது; அதனாலேயே எல்லோரும் உங்கள் முரட்டுப் பலத்தைத்தான் சொன்னார்கள். "மாப்பிள்ளைத் தம்பி, தண்ணி நிரப்புனீங்கல்ல?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். "ஆமாம்" என்றேன். அந்த ஒரு சொல்தான் நான் சொன்னது. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அந்த வருடம் சங்கம் மின்சார மோச்சி இயந்திரம் வாங்கியது. உங்களுக்கு 'உரலுடைச்ச கென்சகு' என்று பெயர் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட "மாமா, எங்க வீட்டு மேஜையைத் தொடாதீங்க" என்று கேலி செய்தார்கள். நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் அதன் பிறகு நீங்கள் சம்மட்டியைத் தொடவே இல்லை; பக்கத்து வட்டத்தார் கெஞ்சிக் கூப்பிட்டும் போகவில்லை. டிசம்பரில் சங்கத்துக்கு வந்து நாற்காலி மடக்கிவிட்டுப் போவீர்கள். போகிற வழியில் கடையில் வாங்கிய மோச்சிப் பொட்டலம் ஒன்றை எங்கள் வாசலில் நீட்டி, "மாப்பிள்ளை, அடுப்புக்கிட்ட மட்டும் வச்சிராதீங்க, வெடிச்சிரும்" என்பீர்கள். வருடா வருடம் அதே பொட்டலம், அதே சமையல் குறிப்பு. நானும் வருடா வருடம் பொறுப்பாக அதை ஜன்னலோரம் வைப்பேன். அதைத் தின்னும்போதெல்லாம் தொண்டையில் அடைக்கும். மோச்சி என்றால் எல்லோருக்கும் அடைக்கும் என்று சொல்லி என்னை நானே சமாதானம் செய்துகொள்வேன்.

ஆக, இத்தனை வருடமும் அந்த உண்மை பதினோரு முத்திரைக்கு அடியில் பத்திரமாக இருந்திருக்கிறது. பதினோரு வீட்டிலும் ஒருத்தர்கூடப் படிக்கவில்லை. நான் படிக்கவில்லை, நீங்கள் படிக்கவில்லை. தாளைச் செருகிய சுற்றுப்பலகை வீட்டுக்கு வந்தால் முத்திரை வைத்துப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளுவதுதானே நம் வழக்கம், படிப்பதற்கா அனுப்புகிறார்கள்? அந்தத் தாளை முதன்முதலாகப் படித்தது இயந்திரம்தான். அதுவும் என் கையாலேயே பொத்தானை அழுத்திப் படிக்க வைத்தேன்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். காகிதத்தில் இருந்தால் பிளேடால் சுரண்ட வேண்டும், தாள் கிழியும், பயம் இருக்கும். இதுவோ திருத்தக்கூடிய எழுத்து. ஒரு விரல் போதும். அந்த இரண்டு வரியை அழித்துவிட்டு 'காரணம் தெரியவில்லை' என்று அடித்தேன். அதோடு நிற்கவில்லை. உங்களுக்கு ஏதாவது ஈடு செய்ய வேண்டும் என்று தோன்றியது. 'அன்று முரோய் கென்சகு மிகச் சிறப்பாக இடித்தார்' என்று ஒரு வரி சேர்த்தேன். அதைப் படித்துப் பார்த்தபோது நான் ஒரு நல்ல மனிதன் என்றுகூட ஒரு நிமிடம் நம்பினேன்.

சங்க விதிப்படி மாற்றிய எழுத்தை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்வது என்றால் முத்திரை. முத்திரை என்றால் தாள். ஆகவே அச்செடுத்துச் சுற்றுப்பலகையில் வைத்து அனுப்பினேன். ஆறே நாளில் பதினோரு முத்திரையோடு திரும்பி வந்தது. உங்கள் முத்திரை அதே மாதிரி கம்பமாக நின்றது. உங்கள் பெயரைக் கெடுத்த பொய்க்கு நீங்களே சம்மதித்திருக்கிறீர்கள் என்று பார்த்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தேன். டீச்சரோ, "முத்திரை வச்ச தாளையும் ஆவணத்துல சேர்க்கணும், அதையும் ஸ்கேன் பண்ணிருங்க" என்றார். "டீச்சர், அதை எழுத்தாக மாத்துனா அதுக்கும் ஒப்புதல் வாங்கணுமே?" என்றேன். "ஆமா, வாங்கணும்" என்றார் அவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மிசாவோதான் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

அப்புறம்தான் இடி விழுந்தது. போன செவ்வாய்க்கிழமை டீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஹிரோனாகா சார், எனக்கு ஒரு யோசனை. மலர்ல இடது பக்கம் மூலத்தாளோட படம், வலது பக்கம் நீங்க மாத்துன எழுத்து. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஜனங்களுக்கு நல்லா இருக்கும்ல?" என்றார். நன்றாக இருக்கும் என்றேன். வேறு என்ன சொல்வேன்? ஒரு கோப்பைக் காப்பியை எடுத்துக்கொண்டு போய், ஹெய்செய் இரண்டாம் வருடத்து மூலத்தாளின் மேல் லேசாகச் சாய்த்துப் பிடித்தேன். "காப்பி ஆறுது, குடிங்க" என்று பின்னாலிருந்து மிசாவோ சொன்னாள். குடித்துவிட்டேன்.

மனசாட்சி உறுத்தி எழுதுகிறேன் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. அப்படி இல்லை, மச்சான். மாட்டிக்கொள்ளப் போகிறேன், அதனால் எழுதுகிறேன். டிசம்பர் மூன்றாம் தேதி ஊர் முழுக்க இருக்கும்போது, நாற்காலி மடக்கிக்கொண்டே நீங்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டக் கூடாது. என்னிடமிருந்துதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அழித்த வரிகளை இன்று காலை மறுபடி அடித்து வைத்துவிட்டேன். நான் சேர்த்த பாராட்டை எடுத்துவிட்டேன். உங்களுக்கு அது தேவையும் இல்லை. அன்று நீங்கள் சிறப்பாகத்தான் இடித்தீர்கள். என் கோழைத்தனத்தால் உங்கள் கையிலிருந்து சம்மட்டி போயிற்று. இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. கோபம் தீரும்வரை எங்கள் வீட்டு வாசல் பக்கம் வர வேண்டாம். இந்த டிசம்பரில் பொட்டலமும் வேண்டாம்.

சுமகோ அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் முழங்காலுக்கு இந்தக் குளிர்காலம் இரக்கம் காட்டட்டும். தங்கள் வீட்டு முள்ளங்கிகள் எல்லாம் பழுதில்லாமல் காயட்டும்.

என்றும் தலை நிமிர முடியாத,
ஹிரோனாகா தொகுஜி
(முத்திரை. நேராகவே வைத்திருக்கிறேன்.)

பின்குறிப்பு: தபாலில் போடும் முன் தப்பு பார்க்கச் சொல்லி இதை மிசாவோவிடம் கொடுத்தேன். அவள் சமையலறையில் நின்றபடியே படித்தாள். பாதியில் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பதினோரு வீட்லயும் யாரும் படிக்கலைன்னு எழுதியிருக்கீங்களே, சுற்றுப்பலகை வர்ற நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"கம்பெனியில."

"அண்ணா?"

"படகுத்துறையில."

"அப்போ முத்திரையை வச்சது யாருன்னு நினைச்சீங்க? அந்தக் கோணல் முத்திரை உங்க பணிவு இல்லைங்க. அரிசி களைஞ்ச கையோட அவசரத்துல நான் வச்சது. பதினோரு வீட்லயும் பொம்பளைங்கதான் வச்சோம். வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் படிச்சோம்."

நாற்காலியில் உட்காரப் போனால் அதில் பெட்டி இருந்தது. பெட்டி மேலேயே உட்கார்ந்தேன். அவள் விடவில்லை. "அண்ணி அன்னிக்குச் சாயங்காலமே அண்ணாகிட்ட சொல்லிட்டாங்க. அண்ணா என்ன சொன்னாரு தெரியுமா? 'நான் இந்த ஊர்க்காரன், நாலு பேரு கேலி பண்ணா தாங்குவேன். அவரு வந்து எட்டு மாசம்தான் ஆச்சு, இந்தப் பேரு வந்தா ஊரை விட்டே போயிருவாரு. யாரும் வாயைத் திறக்காதீங்க.' அதான் நாங்க யாரும் திறக்கலை. இந்தத் தடவையும் படிச்சோம். காஸமா தாத்தா ஒருத்தரைப் பாராட்டி எழுதுனதை யாரு நம்புவா? படத்தையும் சேர்த்துப் போடலாம்னு டீச்சருக்குத் திடீர்னு யோசனை வந்தது எதுக்காம்? எத்தனை நாள் தாங்குவீங்கன்னு பார்த்தோம். நாலு நாள். நான் ரெண்டுதான் நினைச்சேன்."

ஆகவே, மச்சான், மேலே எழுதியிருப்பதில் உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. கிழித்துப்போடலாம் என்றால் மிசாவோ அடியில் தன் முத்திரையை வைத்துவிட்டாள். முத்திரை வைத்த தாளை நான் கிழிக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அடுப்புக்கிட்ட வச்சிராதீங்க, அடுப்புக்கிட்ட வச்சிராதீங்க என்று முப்பத்து மூன்று வருடம் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதைச் சமையல் குறிப்பு என்று ஜன்னலோரம் வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இதை எழுதும்போது கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுதுகிறேன்.

பொட்டலம் வேண்டாம் என்று எழுதியதை ரத்து செய்கிறேன். வாசல் பக்கம் வர வேண்டாம் என்றதையும்தான். டிசம்பர் மூன்றாம் தேதி விழாவுக்குப் பக்கத்து வட்டத்து மர உரலை இரவல் கேட்டிருக்கிறோம். முந்தின நாள் தண்ணீர் நான் நிரப்புகிறேன். நம்பிக்கை இல்லாவிட்டால் கூடவே வந்து நில்லுங்கள். சம்மட்டியை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். இரண்டு அடிக்கு நடுவில் உரலுக்குள் கையை விட்டு மாவைத் திருப்பிப் போட ஓர் ஆள் தேவைப்படுமே, அது நான்தான்.

பார்த்து அடியுங்கள்.